தேயிலை ஃபேக்டரிக்கு நாளைய ஆட்கள்: நான்கு வழிகளில் எதற்கு முதல் பணம்?

கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர், கூடலூர் என்று எங்கே கேட்டாலும், தேயிலை ஃபேக்டரி நடத்துபவர்கள் விலைக்கு அடுத்தபடியாகச் சொல்வது ஆள் பிரச்சினையைத்தான். இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிடுகிறார்கள். இலையை அரைக்கும் ரோலர் பக்கமும் உலர்த்தும் டிரையர் பக்கமும் நிற்பவர்களில் பலருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஐந்தாறு வருடத்தில் அவர்கள் ஓய்வு பெற்றால் அந்த இடத்தில் யார் நிற்பது? நான்கு வழிகள் கண்ணில் படுகின்றன. இருப்பவர்களையே பல வேலைக்குப் பழக்கலாம். ஐ.டி.ஐ. முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுக்கலாம். இயந்திரத்தைக் கூட்டி ஆளைக் குறைக்கலாம். வெளிமாநிலத் தொழிலாளர்களைக் கொண்டுவரலாம்.

நான்கையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். மே மாதம், கொழுந்து கொட்டுகிற நேரம், இரவு இரண்டு மணி. ட்ரஃபில் (இலையைப் பரப்பி வாட வைக்கும் நீளத் தொட்டி) இலை பதத்துக்கு வந்துவிட்டது. தூள் உற்பத்தியைப் பொறுப்பாகப் பார்க்கும் டீ மேக்கருக்குக் காய்ச்சல், வரவில்லை. அன்றைக்கு ஃபேக்டரி வழக்கமான தரத்தில் ஓடுமா? ஓடும் என்று சொல்ல வைக்கிற வழிக்குத்தான் முதல் பணம் போக வேண்டும். மற்றவை அதன் பிறகு.

விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி சி.டி.சி. (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை) தூளாக்கும், 30 முதல் 40 பேர் வேலை செய்யும் ஃபேக்டரியை மனதில் வைத்தே இங்கே கணக்குகள் சொல்கிறோம். சொந்தத் தோட்டம் உள்ள எஸ்டேட்டுக்கும் இன்ட்கோசர்வ் என்ற இணையத்தின் கீழ் உள்ள கூட்டுறவு ஃபேக்டரிகளுக்கும் நியமன முறை வேறு. ஆனால் இருக்கிற ஆளில் யாரை எதற்குப் பழக்குவது என்ற கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

முதலில், குறைவது தலைகளா, கைப்பழக்கமா?

எந்த வழியில் போவதானாலும் அதற்கு முன் ஒரு பலகை தயாராக வேண்டும். இடது பக்கம் எல்லாப் பெயர்களும். மேலே வேலைகள்: கொழுந்து வாங்கித் தரம் பார்ப்பது, ட்ரஃப் வாடல், ரோலர் வரிசை, ஃபெர்மென்டிங், டிரையர், அடுப்பு, சலிப்பு, எடை-பேக்கிங், பழுது பார்ப்பது. ஒன்பது பத்திகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் போடுங்கள். தெரியாது என்றால் 0, கூட ஒருவர் நின்றால் செய்வார் என்றால் 1, தனியாகச் செய்வார் என்றால் 2, அடுத்தவருக்குக் கற்றுத் தருவார் என்றால் 3. பெயருக்குப் பக்கத்தில் வயதையும் எழுதுங்கள்.

எண் போடுவதை மேலாளர் ஆபீஸில் உட்கார்ந்து செய்யக்கூடாது. ஷிப்ட் மேஸ்திரியும் அந்தத் தொழிலாளியும் ஒன்றாக நின்று போட வேண்டும். மேலாளர் 2 போட்ட இடத்தில் தொழிலாளியே "தனியா நிற்க பயமா இருக்கு சார்" என்று 1 போடச் சொல்வதும் உண்டு. அந்த 1-தான் சரியான எண்.

பிறகு பத்திவாரியாக 2-ம் 3-ம் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு பத்தியில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும்: ஒருவர் வேலையில், ஒருவர் அடுத்த ஷிப்டில், ஒருவர் விடுப்புக்கு மாற்றாக. சலிப்பிலும் பேக்கிங்கிலும் பத்துப் பேர் இருப்பார்கள். ரோலர், டிரையர், பழுது ஆகிய மூன்று பத்திகளில்தான் ஒருவரோ இருவரோ நிற்பார்கள், அவர்களும் வயதில் மூத்தவர்களாக இருப்பார்கள். 36 பேர் சம்பளப் பட்டியலில் இருந்தும் ஃபேக்டரி மூன்று பேரை நம்பி ஓடுகிறது என்பது அப்போதுதான் வெளியே தெரியும். ஆள் பற்றாக்குறை என்று பேசுவதில் பெரும்பகுதி இந்த மூன்று பத்திகளின் வெறுமைதான் என்பது எங்கள் கணிப்பு.

இருப்பவர்களைப் பழக்குவது

இரண்டு மணிச் சோதனையில் நேராகத் தேறுவது இந்த ஒரு வழிதான். ஆனால் எப்படிப் பழக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "அண்ணன் கூட நின்னு பாத்துக்கோ" என்று அனுப்பினால் இரண்டு வருடம் கழித்தும் அவன் பார்த்துக்கொண்டேதான் நிற்பான்.

வாடலை எடுத்துக்கொள்வோம். அனுபவசாலி ஒரு பிடி இலையை எடுத்து உருண்டையாக அழுத்துவார். கையைத் திறந்தால் உருண்டை மெல்ல அவிழ வேண்டும். காம்பை வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும். இந்தக் கைப்பதம் உண்மையானது, ஆனால் புதியவருக்கு வாயால் சொல்லி வராது. அதனால் கைப்பதத்தோடு ஒரு தராசையும் சேர்க்க வேண்டும். ட்ரஃபில் இலை பரப்பும்போதே ஒரு வலைப்பையில் சரியாக 1,000 கிராம் இலை போட்டு, மற்ற இலையின் அதே கனத்தில் ட்ரஃபின் நடுவில் புதைத்து வையுங்கள். பச்சை இலையில் ஏறக்குறைய 77 சதவீதம் நீர். மீதி 230 கிராம்தான் உலர்பொருள். சி.டி.சி.க்கு 70 சதவீத ஈரத்தில் இலை வேண்டுமானால் அந்த 230 கிராம், மொத்த எடையில் 30 சதவீதமாக இருக்க வேண்டும். அதாவது பை 767 கிராமுக்கு வர வேண்டும். 68 சதவீத ஈரம் வேண்டுமானால் 719 கிராம். பழகுபவர் ஒவ்வொரு மணிக்கும் முதலில் கையால் பிடித்து "இது எவ்வளவு இருக்கும்" என்று ஊகித்து எழுத வேண்டும். அதன் பிறகுதான் பையைத் தராசில் வைக்க வேண்டும். ஊகமும் எடையும் 20 கிராமுக்குள் நெருங்கத் தொடங்கும்போது கை பழகிவிட்டது என்று பொருள். அப்போது பலகையில் 1 அழிந்து 2 ஏறலாம்.

மழை நாளில் இந்தக் கணக்கு ஏமாற்றும். 1,000 கிராம் எடை போட்டதில் 150 கிராம் இலைமேல் நிற்கும் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான இலை 850 கிராம்தான், உலர்பொருள் 195 கிராம்தான். 70 சதவீதப் பதத்துக்கு அந்தப் பை 650 கிராமுக்கு அருகில் வர வேண்டும். இது தெரியாமல் 767-ல் நிறுத்தினால் இலை இன்னும் பச்சையாக இருக்கும். அதை ரோலருக்கு அனுப்பினால் சாறு ஓடும், அரைத்த இலை குழைந்து கட்டி கட்டியாக விழும், டிரையரில் உள் ஈரம் போகாது. மழை இலைக்கு முதலில் விசிறியை முழு வேகத்தில் ஓட்டி மேல் தண்ணீரை வாங்கிவிட்டு, அதன் பிறகு பையை நிரப்புவதே பாதுகாப்பு. வடகிழக்குப் பருவமழை நாட்களில் கோத்தகிரிப் பக்கம் வாரக் கணக்கில் மழை இலைதான் வரும். பழகுபவர் அந்த இலையையும் கையில் பிடித்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் மட்டும் பழகியவர் பாதிதான் பழகியவர்.

டிரையருக்கும் இதே முறை. பாதித் தவறுகள் எதிரெதிர்த் திசையில் நடப்பதால் இரண்டையும் காட்டிக் கற்றுத்தர வேண்டும். உள்ளே போகும் காற்று அளவுக்கு மீறிச் சூடானால் தூளின் மேல்புறம் இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடும். வெளியேறும் காற்று குளிர்ந்து போனால் தூள் வேகுவது போல ஆகி, கோப்பையில் மந்தமாக இறங்கும். முதல் தவறுக்குக் காரணம் பெரும்பாலும் அடுப்பில் உலர்ந்த விறகை ஒரேயடியாகத் திணிப்பது. இரண்டாவதற்குக் காரணம் ஈர விறகு, அல்லது டிரையரில் தூளைக் கனமாக விடுவது. அதனால் அடுப்பையும் டிரையரையும் ஒரே ஆளுக்குச் சேர்த்துப் பழக்குவது நல்லது. தனித்தனியாகப் பழகியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவார்கள். வெளிவரும் தூளில் ஈரம் 3 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்து, அரை மணிக்கு ஒரு முறை பேரேட்டில் எழுதும் பழக்கம் முதல் நாளிலேயே வர வேண்டும்.

ரோலரில் பழக்கத் தொடங்கும் முன் பாதுகாப்பு. ஓடும் ரோலரில் இலை சிக்கினால் கை போவது கண நேரத்தில் நடந்துவிடும். நிறுத்துவது, மெயின் சுவிட்சை அணைப்பது, அதில் தன் பெயர் எழுதிய அட்டையை மாட்டுவது, மாட்டியவர் மட்டுமே அதைக் கழற்றுவது. இந்த நான்கையும் பார்க்காமல் சொல்லிச் செய்து காட்டாதவர் ரோலர் பக்கம் நிற்கக்கூடாது. அதன் பிறகு இடைவெளி வைப்பது, பல் மழுங்கினால் எப்படித் தெரியும் என்பது. பல் மழுங்கிய ரோலர் இலையை வெட்டாமல் நசுக்கும். தூள் தட்டையாக, நார் கூடுதலாக விழும். நாரைக் கையில் எடுத்துப் பார்த்தே ரோலரைக் கடைசலுக்குக் கழற்றும் நாளைச் சொல்லத் தெரிந்தால் அவர் 2.

செலவு எவ்வளவு? ஆறு பேரை, தினம் இரண்டு மணி நேரம், 60 வேலை நாள் பழக்கினால் 720 மணி நேரம். 8 மணி ஷிப்டாக 90 ஷிப்ட். அந்த 90 ஷிப்ட் கூலியும், கற்றுத் தருபவருக்கான தொகையும், தேறியவர்களுக்குக் கூடுதல் சம்பளமும்தான் செலவு. இதை உற்பத்தி குறையும் ஜனவரி முதல் மார்ச் வரை வைத்தால் சுமை தெரியாது. உறைபனி விழுந்து கொழுந்து குறைந்திருக்கும் அந்த மாதங்களில் பல ஃபேக்டரிகள் வாரத்தில் சில நாள் ஓடாமலே இருக்கின்றன. ஏப்ரலில் தொடங்கினால் இரண்டாம் நாளே பழக்கம் நின்றுவிடும், ஏனென்றால் எல்லோரும் கொழுந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வழி எங்கே தோற்கிறது? முதலாவது, கற்றுத்தர வேண்டியவரே கற்றுத்தர மாட்டார். தன் கையில் உள்ளதைக் கொடுத்துவிட்டால் தன்னை வைத்திருக்க மாட்டார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த ஒரே சொத்து அது. ஓய்வு பெறும் வரை வேலை உறுதி என்பதை எழுத்தில் கொடுங்கள். அவர் பழக்கித் தேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை பேசி, பாதியைத் தேறிய அன்றும் மீதியை ஆறு மாதம் கழித்து அந்த ஆள் தனியாக நிற்கும்போதும் கொடுங்கள். ஓய்வுக்குப் பிறகு விரும்பினால் வாரம் இரண்டு நாள் வரச் சொல்லுங்கள். இரண்டாவது, பழகியவர் சும்மா இருந்தால் மறந்துவிடுவார். மாதத்தில் குறைந்தது இரண்டு ஷிப்டாவது அந்த இடத்தில் நிற்க வேண்டும். மூன்றாவது, நான்கு வேலை தெரிந்தவருக்கும் ஒரு வேலை தெரிந்தவருக்கும் ஒரே சம்பளம் என்றால் நான்கும் தெரிந்தவர் அடுத்த ஃபேக்டரிக்குப் போய்விடுவார்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சலிப்பிலும் பேக்கிங்கிலும் இருபது வருடம் நின்ற பெண்கள் தூளைக் கையில் எடுத்தாலே ரோலரில் என்ன கோளாறு, டிரையரில் என்ன கோளாறு என்று சொல்வார்கள். ஃபேக்டரிக்குள்ளேயே இருக்கும் மிகப் பெரிய அறிவுச் செல்வம் அது. டிரையர் பத்தியை நிரப்ப வெளியே ஆள் தேடும் முன் இவர்களைக் கேளுங்கள். இவர்கள் உள்ளூரில் குடும்பத்தோடு இருப்பவர்கள், கோவைக்கு இறங்கிப் போக மாட்டார்கள். இரவு வேலைதான் தடை என்பார்கள். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் இரவுத் தடையை சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் பாதுகாப்பு நிபந்தனைகளோடு நீக்கியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் பெண்களின் சம்மதத்தோடும் பாதுகாப்பு ஏற்பாடுகளோடும் இரவு வேலையை அனுமதிக்கிறது. ஆனால் நீலகிரியில் பாதுகாப்பு என்றால் வாசலில் காவலாளி மட்டும் போதாது. இரவில் கரடியும் காட்டெருமையும் நடக்கும் பாதைகள் இவை. வண்டி ரோட்டுமுனையில் இறக்கிவிட்டுப் போகக்கூடாது, வீட்டு வாசல்வரை போக வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் காலை 6 மணி ஷிப்டின் டிரையரையும் மாலையில் ட்ரஃப் நிரப்புவதையும் பெண்களிடம் கொடுத்து, அங்கே விடுபடும் ஆண்களை இரவுக்கு வைக்கலாம். இதற்குச் சட்டத்தையும் தேட வேண்டியதில்லை, வண்டியும் வேண்டியதில்லை.

அப்ரண்டிஸ்

1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். 36 பேர் என்றால் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை. 30-க்குக் குறைவென்றால் விருப்பம். 2019-ல் திருத்திய விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையைக் கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை வைத்தன. தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் அதில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. ஒப்பந்தம் போடும் அன்று அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் இருக்கும் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன மூன்று வெறும் பத்திகளில் பழுது பார்ப்பது என்ற பத்திக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்து வருபவர்கள். மோட்டார், ஸ்டார்ட்டர், பேரிங், அலைன்மென்ட் என்று அடிப்படை தெரிந்திருக்கும். தேயிலை இயந்திரம்தான் புதிது. ரோலர், டிரையர் பத்திகளுக்கு அப்ரண்டிஸை நம்ப வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அந்தப் பதம் வர இரண்டு மூன்று கொழுந்துப் பருவம் வேண்டும். பயிற்சிக் காலம் அதற்குள் முடிந்துவிடும்.

வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்றுதான். அப்ரண்டிஸ் என்று எடுத்து மூட்டை தூக்க விடுவது. ஆறு மாதம் மூட்டை தூக்கிய ஃபிட்டர் பையன் ஏழாவது மாதம் கோவையில் இருப்பான். அவன் கையில் ஒரு குறிப்பேடு இருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் கிரீஸ் போடும் அட்டவணை, பெல்ட், பேரிங் சத்தம். அடுத்த மூன்று மாதம் ரோலர் கழற்றி மாட்டுவது, இடைவெளி வைப்பது. அதன் பிறகு டிரையர் விசிறி, பேனல் போர்டு. ஒவ்வொன்றையும் மூத்த ஃபிட்டர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆள் எடுக்கும்போது மதிப்பெண்ணைவிட ஊரைப் பாருங்கள். பக்கத்து ஹட்டியில் (படகர் ஊரில்) வீடும் கொஞ்சம் தேயிலையும் உள்ள குடும்பத்துப் பிள்ளை நிலைப்பதற்கு வாய்ப்பு அதிகம். இரண்டு பேர் எடுத்தால் ஒருவர் தங்குவார் என்ற கணக்கோடு எடுப்பது நடைமுறை.

இரண்டு மணிச் சோதனையில் அப்ரண்டிஸ் முதல் வருடம் தேற மாட்டார். ஆனால் இரண்டு மணிக்கு மோட்டார் நின்றால் அவர் இருப்பது பெரிய துணை.

இயந்திரம்

பலர் முதலில் கை வைப்பது இதில்தான், ஏனென்றால் இதற்கு விலைப்பட்டியல் உண்டு, கடன் உண்டு, ஒரே நாளில் முடிவெடுக்கலாம். இதை மூன்றாவது இடத்தில் வைக்கிறோம். ஆனால் எல்லா இயந்திரமும் ஒன்றல்ல.

ட்ரஃப் விசிறிக்கு வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போடுவது தயங்காமல் செய்ய வேண்டிய செலவு. விசிறியின் வேகத்தை 100-லிருந்து 80-க்குக் குறைத்தால் காற்று 80 சதவீதமாகும், மின்சாரமோ ஏறக்குறைய பாதியாகிவிடும். விசிறியின் இயல்பு அது. மின்சாரத் தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். ஆனால் மழை இலை வந்த இரவில் யாரோ ஒருவர் அதை 100-க்குத் திருப்ப வேண்டும். திருப்பத் தெரிந்தவர் யார் என்ற கேள்வி மறுபடி பலகைக்கே கொண்டுவந்து விடுகிறது. டிரையரில் உள்ளே, வெளியே இரண்டு இடத்திலும் டிஜிட்டல் வெப்பமானியும் எல்லை மீறினால் ஒலிக்கும் அலாரமும் வைப்பது இதைப் போலவே நல்ல செலவு. பழகுபவருக்கு இவை கண்ணும் காதுமாக இருக்கின்றன; பழக்கும் காலமும் குறைகிறது.

கலர் சார்ட்டர் வேறு வகை. நாரையும் காம்பையும் கேமரா பார்த்து, அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளும். வேலை அழகாக நடக்கும். ஆனால் அதற்கு உலர்ந்த, எண்ணெய் கலக்காத காற்று வேண்டும். நீலகிரியின் மூடுபனியில் கம்ப்ரஸர் உறிஞ்சும் காற்றிலேயே ஈரம் நிறைய. ஏர் டிரையர் இல்லாமல் ஓட்டினால் ஊதுகுழல் துளைகளில் தேயிலைத் தூசி ஈரத்தோடு சேர்ந்து பசையாக அடைக்கும். அடைத்த துளைக்கு நேராக வரும் நார் அப்படியே நல்ல தூளோடு விழும். இயந்திரம் நிற்காது, சத்தமும் மாறாது; ஏலத்தில் விலை இறங்கும்போதுதான் தெரியும். தினமும் துடைக்க வேண்டும், கிரேடுக்கு ஏற்ப அமைப்பை மாற்ற வேண்டும், மின்னழுத்தம் ஏறி இறங்காமல் பார்க்க வேண்டும். சலிப்பில் நான்கு பேரைக் குறைத்து, எளிதில் கிடைக்காத ஒரு டெக்னீஷியனைத் தேட வைக்கும் இயந்திரம் இது. அந்த ஒருவரை முன்கூட்டியே உருவாக்காமல் வாங்கக்கூடாது.

வாங்கும்போது ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டியவை உண்டு. நம் ஃபேக்டரியில், நம் தூளை வைத்து, மூன்று பேருக்குப் பயிற்சி. ஒரு மாதம் ஓட்டிய பிறகு இரண்டாம் முறை வந்து பயிற்சி. உண்மையான சந்தேகங்கள் அப்போதுதான் வரும். தமிழில் கையேடு. அடிக்கடி தேயும் பாகங்களின் பட்டியலும், வாங்கும்போதே ஒரு செட்டும். விலையில் 10 சதவீதம் இரண்டாம் பயிற்சி முடிந்த பிறகு. மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் மண் சரிந்தால் கோவையிலிருந்து இன்ஜினியரும் வர மாட்டார், பாகமும் வராது. நம் ஆள் கழற்றி மாட்டத் தெரிந்திருந்தால் ஃபேக்டரி ஓடும்.

இன்னொன்றை மறைக்காமல் பேச வேண்டும். கலர் சார்ட்டர் வந்தால் முதலில் வேலை போவது சலிப்புப் பெண்களுக்கு. இயந்திரம் இறங்கும் அன்று அவர்களுக்குத் தெரிவிப்பது அநியாயம். ஆர்டர் கொடுக்கும் முன்பே, யார் டிரையருக்கு, யார் வாடலுக்கு, யார் அந்தக் கலர் சார்ட்டருக்கே போகிறார்கள் என்று பலகையில் எழுதிக் காட்டிவிட வேண்டும். அப்படிச் செய்த இடத்தில் பழைய ஆட்களே புதிய இயந்திரத்தை நன்றாக வைத்துக்கொள்வார்கள். நாரைக் கண்ணால் பிரித்துப் பழகியவருக்குக் கேமரா எங்கே தவறுகிறது என்பது உடனே தெரியும்.

பேட்டரியில் ஓடும் பறிப்பு இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டம் விவசாயியுடையது என்றாலும் பறிக்க ஆளில்லாமல் முற்றிய இலை வந்தால் உள்ளே எவ்வளவு பழக்கியும் பயனில்லை. நான்கைந்து இளைஞர்களை ஒரு குழுவாக்கி, இயந்திரமும் பயிற்சியும் கொடுத்து, கிலோ கணக்கில் கூலி பேசி விவசாயிகளின் தோட்டத்துக்கு அனுப்பலாம். குன்னூரில், தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசி நடத்தும் கிருஷி விக்யான் கேந்திராவில் (வேளாண் அறிவியல் நிலையம்) பயிற்சி பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். செடி மட்டமாக இல்லாத தோட்டத்தில் இயந்திரம் முற்றிய இலையையும் சேர்த்து வெட்டும் என்பதால், கவாத்து முடிந்து மட்டப்படுத்திய தோட்டங்களில் தொடங்குவது நல்லது.

வெளிமாநிலத் தொழிலாளர்கள்

ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் பக்கத்திலிருந்து வரும் குடும்பங்கள் இன்று நீலகிரித் தோட்டங்களிலும் ஃபேக்டரிகளிலும் நிறைய. ஒரே வாரத்தில் பத்துப் பேர் கிடைப்பார்கள் என்பது இதன் பலம். ஏப்ரல்–ஜூன் கொழுந்து வெள்ளத்துக்கு மூட்டை இறக்கவும் ட்ரஃப் நிரப்பவும் வேறு வழியும் இல்லை.

ஆனால் இதை எதிர்காலத் திட்டமாக நினைப்பவர்கள் இரண்டு மணிச் சோதனையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏஜென்ட் கொண்டுவந்த ஆட்கள் ஏஜென்டோடு போவார்கள். ஹோலிக்குப் போனால் எல்லோரும் ஒன்றாகப் போவார்கள். ஜூன், ஜூலையில் நாற்று நடவுக்கும் அப்படித்தான். பழக்கியதெல்லாம் ரயில் ஏறிவிடும். சட்டப் பக்கமும் பார்க்க வேண்டும். முன்பு 1979-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேரோ அதற்கு மேலோ வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தால் பொருந்தியது. இப்போது வந்துள்ள தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது பத்து பேர். ஆண்டுக்கு ஒரு முறை சொந்த ஊர் போய்வரப் பயணப்படி கொடுக்க வேண்டும். ஃபேக்டரியின் முக்கிய வேலையில் ஒப்பந்தத் தொழிலாளர்களை வைப்பதற்கும் அந்தத் தொகுப்பு கட்டுப்பாடு விதிக்கிறது. தூள் உற்பத்திதான் முக்கிய வேலை என்பதால் ரோலரிலும் டிரையரிலும் ஏஜென்ட் ஆளை நிறுத்தும் முன் ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

நேரடியாக நம் சம்பளப் பட்டியலில் எடுத்தால் நிலைமை மாறும். பி.எஃப்., இ.எஸ்.ஐ., வங்கிக் கணக்கு, குளிர் தாங்கும் வீடு. ஒடிசாவிலிருந்து வரும் குடும்பம் டிசம்பர் உறைபனியைப் பார்த்திருக்காது. கம்பளியும் வெந்நீருக்கு விறகும் இல்லாத லைன் வீட்டில் முதல் குளிர்காலத்திலேயே கிளம்பிவிடுவார்கள். சொந்த ஊர் ரேஷன் கார்டில் இங்கேயே அரிசி வாங்கும் வசதி தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் இருக்கிறது. ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்து முதல் மாதமே கூடப் போய் வாங்கித் தருவது பல நாள் பேச்சைவிடப் பெரிய உறவை உண்டாக்கும். குழந்தைகளைப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டால் குடும்பம் ஊன்றிவிடும். இரண்டு வருடத்தில் அந்தக் குழந்தைகள்தான் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர்கள்.

மொழி பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. "நிறுத்து", "கை வைக்காதே", "சூடு", "ஆள் உள்ளே" என்ற நான்கு சொற்களைத் தமிழில் எல்லோரும், இந்தியில் நம் மேஸ்திரிகளும் கற்றாக வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானுக்கு மேலே எழுத்து வேண்டாம், படம் போதும். ஒரு வருடம் தங்கியவரின் பெயரைப் பலகையில் எழுதுங்கள். அவரும் வாடலில் 1-லிருந்து 2-க்கு ஏறலாம். அப்படி ஏறியவர் ஹோலிக்குப் போனாலும் திரும்பி வருவார், ஏனென்றால் இங்கே அவருக்கு ஒரு இடம் இருக்கிறது.

எந்த வரிசையில்

கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பழக்குவதற்குக் கொடுங்கள். இரண்டுக்குப் போதும் என்றால் இரண்டு அப்ரண்டிஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக வி.எஃப்.டி.யும் வெப்பமானியும். கலர் சார்ட்டர், பழுதுப் பத்தியில் மூன்று பேர் சேர்ந்த பிறகு. வெளிமாநிலக் குடும்பங்களை எந்த வருடமும் எடுக்கலாம், ஆனால் ஏஜென்ட் கணக்கில் வேண்டாம், நம் கணக்கில்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பலகை போட்டுப் பார்க்கும்போது 3 போட ஒருவர்கூட இல்லாத பத்தி இருந்தால், உள்ளே பழக்குவது என்ற பேச்சே எழாது. அந்தப் பத்திக்கு மட்டும், ஓய்வுபெற்ற அனுபவசாலி ஒருவரை வேறு ஃபேக்டரியிலிருந்தாவது மூன்று மாதத்துக்கு நல்ல சம்பளம் கொடுத்துக் கூட்டி வர வேண்டும். அதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

டிசம்பர் கடைசியில் பலகை, ஜனவரி முதல் மார்ச் வரை பழக்கம். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், கொழுந்து ஏறத் தொடங்கியதும், ஒரு இரவு சோதனை ஓட்டம் வையுங்கள். டீ மேக்கர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கட்டும். ஆபத்து வந்தால் மட்டும் எழுந்து வரட்டும். புதியவர்கள் ஓட்டட்டும். வலைப்பையின் எடை, டிரையரின் இரண்டு வெப்பநிலைகள், தூளின் ஈரம், நாரின் அளவு ஆகியவற்றை மணிக்கு மணி எழுதுங்கள். மறுநாள் காலை அந்தத் தூளையும் முந்தைய நாள் தூளையும் பெயர் சொல்லாமல் அருகருகே வைத்து, 2 கிராமுக்கு 100 மில்லி கொதிநீர் ஊற்றி 6 நிமிடம் கழித்துச் சுவைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் பேரேட்டில் எந்த மணியில், எந்த இடத்தில் எண் விலகியது என்று பார்த்து, அந்தப் பத்தியை மட்டும் ஜூலை–ஆகஸ்ட் மந்தத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வித்தியாசம் தெரியாவிட்டால் அந்த மாதச் சம்பளத்திலேயே உயர்வைச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், தீபாவளி போனஸ்வரை தள்ள வேண்டாம்.